இரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது அதே கிருமிதானா?

ஒரே பன்றிப் பண்ணையில் இரண்டு வருட இடைவெளியில் பன்றிகளின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறீர்கள். முதல் முறை கிடைத்த ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் எல்லாமே டி034 வகை, இரண்டாம் முறை பெரும்பாலும் டி011. இரண்டுமே சிசி398 என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு வருடத்தில் கிருமி பரிணமித்துவிட்டதா, ஆன்டிபயாடிக்கை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று தோன்றுகிறது. இப்போது அந்தக் கொட்டிலில் இருப்பது பழைய கிருமியின் வாரிசா, இல்லை எங்கிருந்தோ வந்து இடத்தைப் பிடித்துக்கொண்ட வேறொன்றா? இது தெரியாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது.

நான் கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். ஸ்வாபிலிருந்து கிருமியைப் பிரித்தெடுப்பது, வகை பார்ப்பது, அப்புறம் மரபணு வரிசையை ஒப்பிடுவது என்பதுதான் என் வேலை. மனிதருக்கான சிகிச்சை என் துறை இல்லை, அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். டி034, டி011 என்பவை ஸ்பா வகைகள். இந்தக் கிருமியின் மேலுறையில் புரோட்டீன் ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவின் ஒரு பகுதியில் சிறுசிறு துண்டுகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். எந்தத் துண்டு, எந்த வரிசையில், எத்தனை முறை என்பதைப் படித்து ஓர் எண் கொடுப்பார்கள், அவ்வளவுதான். டி034ல் ஒன்பது துண்டுகள், டி011ல் ஏழு. டி034ன் நடுவில் ஒரு ஜோடித் துண்டு இரண்டு முறை வருகிறது, டி011ல் அது ஒரே முறை. மற்றபடி இரண்டும் ஒன்றேதான். இப்படித் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் கிருமி தன் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும்போது வழுக்குவது சகஜம். ஒரே ஒரு வழுக்கலில் ஒரு ஜோடி விழுந்துவிட்டால் டி034ன் பிள்ளை டி011 ஆகப் பிறந்துவிடும். அதனால் எண் மாறியதை வைத்துக் கிருமி பெரிதாக மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இதே காரணத்தால், எண் மாறாமல் இருந்தாலும் அது அதே கிருமிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. உலகத்தில் எத்தனையோ பண்ணைகளில் டி034 இருக்கிறது. அவற்றில் சில ஒன்றுக்கொன்று பல பத்தாண்டு தூரத்துச் சொந்தங்கள்.

வகை பார்க்கும் கருவி நம்மை ஏமாற்றுவது இந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. 2004ல் நெதர்லாந்தில் அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு கைக்குழந்தையைப் பரிசோதித்தபோது எதிர்பாராமல் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஆரியஸ், கிடைத்தது. பெற்றோர் பன்றி வளர்ப்பவர்கள். அப்போது எல்லோரும் நம்பியிருந்த முறை, ஒரு நொதியை வைத்து டிஎன்ஏவை வெட்டிப் பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது. இந்தக் கிருமியின் டிஎன்ஏவை அந்த நொதியால் வெட்டவே முடியவில்லை, ஏனென்றால் வெட்ட வேண்டிய இடங்களில் கிருமி மீத்தைல் என்ற வேதிக் குறி வைத்திருந்தது. அதனால் கொஞ்ச காலம் ‘வகைப்படுத்த முடியாதது’ என்பதே அதன் பெயராக இருந்தது. பன்றிகளில் பரவியிருந்த ஒரு பெரிய குடும்பம் அந்தக் கருவியின் கண்ணுக்கு வெறும் வெற்றுப்பட்டையாகத் தெரிந்தது.

உங்கள் பண்ணைக்கு வருவோம். மூன்று விதமாக நடந்திருக்கலாம். டி034லிருந்தே டி011 உருவாகிப் பெருகியிருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே இரண்டும் அங்கே இருந்து, முதல் முறை உங்கள் கைக்கு ஒன்று மட்டும் சிக்கியிருக்கலாம். இல்லை, இடையில் வாங்கிவந்த பன்றிகளோடு டி011 உள்ளே நுழைந்திருக்கலாம். என்னைக் கேட்டால் பின்னிரண்டில் ஒன்றுதான் என்பேன். இது அனுபவத்தில் சொல்லும் ஊகம், உங்கள் மாதிரிகளைப் பார்த்துச் சொன்னது இல்லை. முதலாவதை ஒதுக்கவும் முடியாது.

இரண்டாவது சாத்தியத்தை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் நானே செய்த தவறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிருமி வளர்க்கும் ஒரு தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த கூட்டங்களில் (காலனிகளில்) ஒன்றை மட்டும் தொட்டெடுத்து வகை பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஒரு பன்றி, ஒரு கூட்டம், ஒரு வகை. அப்படியே ஒரு மந்தையைத் தொடர்ந்து பார்த்து, ‘இங்கே வகை மாறியிருக்கிறது’ என்று அறிக்கையும் எழுதினேன். பின்னால் தட்டில் வளர்ந்த எல்லாவற்றையும் சேர்த்து வழித்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் பல கூட்டங்களைப் பிரித்துப் பார்த்தோம். ‘புதிய’ வகை முதல் நாளிலேயே அங்கே இருந்திருக்கிறது. ஒரே பன்றியின் மூக்கில் இரண்டு வகை சேர்ந்து குடியிருந்ததும் உண்டு. மாறியது எது எண்ணிக்கையில் முந்தியிருந்தது என்பது மட்டும்தான். அன்றைய அறிக்கையை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வாரிசா வந்தேறியா என்பதை ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல முழு மரபணு வரிசைதான் வழி. இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 28 லட்சம் எழுத்துகள் கொண்டது. அதில் வருடத்துக்குச் சில எழுத்துகள் மாறும், பத்தைத் தாண்டுவது அரிது. மெதுவான, ஆனால் ஓரளவு சீராக ஓடும் கடிகாரம் இது. இரண்டு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு கிருமிகளுக்கு இடையே நூறு எழுத்து வித்தியாசம் இருந்தால், ஒன்று மற்றொன்றின் நேர் வாரிசாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பத்துப் பதினைந்து என்றால் நெருங்கிய சொந்தம். இவற்றுக்கு நடுவில் வரும் எண்கள்தான் தலைவலி. பண்ணைக்குள்ளேயே பல வருடமாகக் கிளைவிட்டு வளர்ந்த ஒரு கூட்டத்தின் இரண்டு மூலைகளிலிருந்து நீங்கள் எடுத்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான மூதாதை உங்கள் முதல் மாதிரிக்கு வெகு முன்னால் இருந்திருக்கும். அதனால் ‘இத்தனை எழுத்துக்குள் இருந்தால் ஒரே திரிபு’ என்று யாராவது ஒரே எண்ணைக் கொடுத்தால் அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ‘அதே பன்றிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது சரியாக இருக்க வாய்ப்பில்லை. இறைச்சிக்கு வளர்க்கும் பன்றி ஏறக்குறைய ஆறு மாதத்தில் பண்ணையை விட்டுப் போய்விடும். இரண்டு வருடத்தில் அந்தக் கொட்டில் பலமுறை காலியாகி நிரம்பியிருக்கும். கூடுதல் காலம் நிற்பவை தாய்ப்பன்றிகளும் கட்டடமும்தான். பிறந்த குட்டிக்குத் தாயிடமிருந்தும், பக்கத்துக் குட்டிகளிடமிருந்தும், காற்றில் மிதக்கும் தூசியிலிருந்தும் கிருமி வந்து சேருகிறது. சில பன்றிகளில் அது விடாமல் தங்கும், சிலவற்றில் வந்து போகும். ஒரு மூக்கில் இன்றைக்கு ‘இல்லை’ என்று வந்ததை வைத்து நாளைக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே பண்ணையின் கிருமி என்று நாம் சொல்வது எந்த ஒரு பன்றியின் கிருமியும் இல்லை. கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டம் அது, அதில் புதியவரை உள்ளே கொண்டுவரும் மிகப்பெரிய வாசல் பன்றி வாங்குவது. டென்மார்க் அனுபவம் இதற்கு நல்ல சாட்சி. 2008ல் 5 சதவீதத்துக்கும் குறைவான பன்றிப் பண்ணைகளில் இருந்த சிசி398 எம்ஆர்எஸ்ஏ, பத்தே வருடத்தில் ஏறக்குறைய 90 சதவீதப் பண்ணைகளுக்குப் போய்விட்டது. வரிசை பார்த்தபோது பெரும்பகுதி மூன்றே மூன்று கிளைகளைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பண்ணையிலும் தனித்தனியாகக் கிருமி பரிணமித்திருந்தால் படம் இப்படி இருந்திருக்காது. ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் பன்றி லாரி ஏறிப் போகும்போது கிருமியும் கூடவே போயிருக்கிறது.

எழுத்து மாற்றம் மெதுவானது என்றேன். வேகமானது வேறொன்று இருக்கிறது, இந்த விஷயத்தில் என்னை இன்னமும் வியக்கவைப்பது அதுதான். ஆரியஸின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதி வீடு மாதிரி, அசையாது. மிச்சம் மூட்டை முடிச்சு: கிருமியைத் தாக்கும் வைரஸ்களான ஃபேஜ்கள் உள்ளே ஒட்டிக்கொண்டவை, பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள், இடம்விட்டு இடம் தாவும் டிரான்ஸ்போசான்கள். நுண்ணுயிர் எதுவும் இல்லாமல் வளர்த்த பன்றிக்குட்டிகளின் உடலில், மனிதரிடமிருந்து எடுத்த ஒரு சிசி398ஐயும் பன்றியிடமிருந்து எடுத்த ஒரு சிசி398ஐயும் சேர்த்து விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2014ல் வெளியானது. முதல் நான்கு மணி நேரத்திலேயே ஃபேஜ்களும் பிளாஸ்மிட்களும் கைமாறத் தொடங்கிவிட்டன. 16 நாள் முடிவில், போட்டபோது இருந்த அதே இரண்டு கிருமிகளாக மட்டும் அவை இல்லை, கலப்பு மூட்டைகளோடு பல வடிவங்கள் அங்கே இருந்தன. ஆய்வுக்கூடக் குழாயில் பார்ப்பதைவிட உயிருள்ள விலங்கில் இந்தப் பரிமாற்றம் அதிகமாக நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மற்ற நுண்ணுயிர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஒரு சாதாரணப் பன்றியின் மூக்கில் இதே வேகம் இருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘இரண்டு வருடத்தில் என்ன பெரிதாக மாறிவிடும்’ என்று யாராவது சொன்னால் நான் இந்தக் குட்டிகளைத்தான் காட்டுவேன்.

அந்த மூட்டையிலும் எல்லாம் ஒரே மாதிரி வந்து போவதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. 2012ல் 19 நாடுகளிலிருந்து 89 கிருமிகளின் முழு வரிசையை ஒப்பிட்ட ஒரு ஆய்வு, சிசி398 முதலில் மருந்துக்கு அடங்கும் மனிதக் கிருமியாக இருந்து, பிறகு கால்நடைக்குத் தாவியது என்று சொன்னது. தாவியபோது ஒன்றை இழந்தது, இரண்டைப் பெற்றது. இழந்தது ஃபை எஸ்ஏ3 என்ற ஃபேஜ். மனித நோய் எதிர்ப்பு சக்தியை ஏய்க்க உதவும் மரபணுக்கள் அதில்தான் இருக்கின்றன. பெற்றது டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சமாளிக்கும் டெட்எம் மரபணுவும், மெத்திசிலின் வகை மருந்துகளைச் சமாளிக்கும் மெக்ஏ மரபணுவைச் சுமக்கும் எஸ்சிசிமெக் துண்டும். வம்ச மரத்தின் வேரை எங்கே வைப்பது, தாவல் எந்தத் திசையில் முதலில் நடந்தது என்பதில் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. அதனால் ‘மனிதனிடமிருந்து பன்றிக்கு’ என்பதை வலுவான கருத்து என்றுதான் நான் சொல்லுவேன், முடிந்துபோன விஷயம் என்று சொல்லமாட்டேன். கால்நடைக் கிளை 1960களை ஒட்டி உருவானது என்று 2022ல் வெளியான, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகளைப் பார்த்த ஆய்வு கணித்திருக்கிறது. கால்நடைத் தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலக்கும் வழக்கம் 1950களில் பரவியதை நினைத்துப் பார்த்தால் காலம் பொருந்திவருகிறது.

அதே 2022 ஆய்வு காட்டிய இன்னொரு விஷயம்தான் முக்கியம். டெட்எம்மைச் சுமக்கும் டிரான்ஸ்போசான் கால்நடைக் கிளைக்குள் பல பத்தாண்டுகளாகப் பிடித்தபிடி விடாமல் இருக்கிறது. எஸ்சிசிமெக் துண்டும் பெரும்பாலும் நிலையாக நிற்கிறது. மாறாக, ஃபை எஸ்ஏ3 ஃபேஜ் அடிக்கடி வருகிறது, போகிறது. எதிர்ப்புத் திறன் கிருமிக்குச் சுமை, மருந்தை நிறுத்தினால் அது சுமையை இறக்கி வைத்துவிடும் என்று பாடத்தில் படித்திருப்போம். சில மரபணுக்களுக்கு அது சரி. டெட்எம் விஷயத்தில் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுமையே இல்லாத அளவுக்கு அது மலிவாக இருக்கலாம். அல்லது டெட்ராசைக்ளின் அழுத்தம் பண்ணைகளில் ஒருபோதும் முழுதாக ஓயவே இல்லாமல் இருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்று இன்னும் பிரித்துக் காட்டப்படவில்லை.

ஆன்டிபயாடிக் மட்டுமே அழுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். பால் மறக்கடித்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்கத் தீவனத்தில் ஜிங்க் ஆக்சைடை அதிக அளவில் கலப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. துத்தநாகத்தைத் தாங்க உதவும் சிஇசட்ஆர்சி என்ற மரபணு, பன்றி எம்ஆர்எஸ்ஏவில் பரவலாகக் காணப்படும் ஐந்தாம் வகை எஸ்சிசிமெக் துண்டுக்குள்ளேயே, மெக்ஏவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. குட்டிகளுக்கு ஜிங்க் கொடுத்தால் மெத்திசிலின் எதிர்ப்பும் சேர்ந்து காப்பாற்றப்படுகிறது, மருந்து ஒரு துளிகூடக் கொடுக்காவிட்டாலும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருத்துவ அளவு ஜிங்க் ஆக்சைடை 2022 ஜூன் முதல் நிறுத்திவிட்டது. அதற்கு முக்கியக் காரணம் சுற்றுச்சூழலில் துத்தநாகம் சேர்வது, கூடவே இந்த எதிர்ப்புத் தொல்லையும் பேசப்பட்டது. உங்கள் பண்ணையில் ஆன்டிபயாடிக் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால், தீவனப் பையின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அப்படியானால் மருந்தைக் குறைத்துப் பயனில்லையா? இருக்கிறது. புதிய எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளே வந்து தங்குவதற்கான வாய்ப்பு குறையும், அடங்கும் வகைகளுக்குப் போட்டியில் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் இருக்கிற கிருமி திருந்திவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பண்ணையில் எதிர்ப்பு குறைந்தால், பெரும்பாலும் அது ஒரு கிளை போய் இன்னொரு கிளை வந்ததால்தான் இருக்கும். நார்வே இதை உணர்ந்தே நடந்துகொண்டது. 2013லிருந்து அங்கே எம்ஆர்எஸ்ஏ கண்ட மந்தையை முழுவதுமாக அகற்றி, கட்டடத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, எம்ஆர்எஸ்ஏ இல்லாத மந்தையிலிருந்து பன்றி கொண்டுவந்து மறுபடி தொடங்குகிறார்கள். பரவல் குறைவாக இருக்கும்போதே ஆரம்பித்ததால் அது நடைமுறையில் முடிந்தது. டென்மார்க் அளவுக்குப் பரவிய பிறகு அதே வழி பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். நார்வேயில் சில பண்ணைகளுக்குக் கிருமி வந்தது மனிதர் வழியாக என்பதும் தெரியவந்தது. வாசல் பன்றி லாரிக்கு மட்டும் திறந்திருக்கவில்லை.

சிசி398ஐ வைத்தே பேசிவிட்டேன். உலகத்துப் பன்றிகள் எல்லாவற்றிலும் அதுவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசியாவில் சீனா, மலேசியா, தைவான் போன்ற இடங்களில் பன்றி எம்ஆர்எஸ்ஏ என்றால் பெரும்பாலும் எஸ்டி9 என்ற வேறு வகை (எஸ்டி என்பதும் மரபணுவை வைத்துக் கொடுக்கும் வகை எண்தான், எஸ்டி398 சிசி398 குடும்பத்தைச் சேர்ந்தது). வட அமெரிக்காவில் எஸ்டி398உம் எஸ்டி5உம் காணப்படுகின்றன. மேலே சொன்ன ஜிங்க் கதையும் ஃபேஜ் கதையும் எஸ்டி9க்கு அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அதன் மூட்டை வேறு. குட்டிகளின் தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் பொருக்குமாக வருகிற நோய்க்குக் காரணமான ஸ்டேஃபிலோகாக்கஸ் ஹையிகஸ் முற்றிலும் வேறு இனம், அதை இதோடு குழப்ப வேண்டாம். ஆனால் நோய் எதுவும் செய்யாத மற்ற ஸ்டேஃபிலோகாக்கஸ் இனங்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவை எதிர்ப்பு மரபணுக்களின் கிடங்கு. ஆரியஸ் மட்டும் வளரும் தட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கிடங்கு கண்ணில் படவே படாது.

பண்ணையில் வேலை செய்பவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் மூக்கில் இந்தக் கிருமி அடிக்கடி இருக்கும், பலருக்குப் பண்ணையை விட்டுச் சில நாள் விலகினாலே குறையும் அல்லது போய்விடும். பன்றிக் கிளை இதுவரை மனிதருக்கு மனிதர் சுலபமாகப் பரவாமல் இருப்பதற்கு, அந்த ஃபை எஸ்ஏ3 ஃபேஜ் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அது அடிக்கடி வந்து போகிற ஃபேஜ் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் வரிசை பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். அது உட்காரும் இடம் எச்எல்பி என்ற நச்சு மரபணுவின் நடுவில். எச்எல்பி உடைந்திருந்தால் உள்ளே ஃபேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது ஆறாத புண்ணோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போகட்டும், பன்றிகளோடு வேலை செய்வதை மறக்காமல் சொல்லட்டும்.

உங்களிடம் பழைய தட்டுகளோ உறைய வைத்த மாதிரிகளோ மிச்சம் இருந்தால், புதிதாக மாதிரி எடுக்கும் முன் அவற்றுக்குத் திரும்பிப் போங்கள். ஒவ்வொரு பன்றிக்கும் ஒரு கூட்டம் எடுத்தது போதாது, குறைந்தது ஐந்தாறாவது எடுங்கள். முதல் வருடத் தட்டில் டி011 தலைகாட்டினால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. இல்லையென்றால் இரண்டு காலத்திலிருந்தும் சிலவற்றை முழு வரிசைக்கு அனுப்புங்கள், கூடவே அந்த இரண்டு வருடத்தில் பன்றிகள் எந்தெந்தப் பண்ணையிலிருந்து வாங்கப்பட்டன என்ற பதிவையும் தேடி எடுத்துவையுங்கள். வரிசை வந்ததும் இங்கேயே போடுங்கள், வம்ச மரத்தைச் சேர்ந்து படிக்கலாம்.